மேசையில் அமெரிக்காவைப் பற்றி வாய்விட்டேன், திங்கட்கிழமை என்ன செய்வது?

புதுவரவு:
வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. நேற்று சாப்பாட்டு மேசையில் அமெரிக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. நானும் ஏதோ சொல்லிவைத்தேன். எதிரே இருந்த டீம் லீடர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். என் புரொபேஷன் அறிக்கையை எழுதப்போவது அவர்தான். வேலை போனால் விசாவும் போகும். ராத்திரி தூக்கமே இல்லை. மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

பழம்பெருச்சாளி:
தம்பி, அமெரிக்காவைத் தூக்கிவைத்துப் பேசியிருப்பீர்கள். நம் ஆட்களுக்கு அந்த வியாதி உண்டு. நான் 2003 ஜனவரியில் வந்தேன். பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக ஊர் ஊராகத் தெருவில் இறங்கினார்கள். "சதாம் ஒழியட்டுமே" என்றேன், அவ்வளவுதான். மூன்று மாதம் தனியாகவே சாப்பிட்டேன். அறையில் ஹீட்டரும் கிடையாது. அந்தக் குளிரை இப்போது நினைத்தாலும்... சரி, அது வேறு கதை.

இரண்டாம் ஷிப்ட்:
எல்லா இடமும் அப்படி இல்லை ஐயா. என்னோடு வேலை பார்க்கும் வியட்நாம்காரர்களுக்கு அமெரிக்கா என்றாலே ஆகாது என்று நினைத்திருந்தேன். ஆனால் 2017இல் பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அந்த நாட்டில் 84 சதவீதம் பேர் அமெரிக்காவைப் பிடிக்கும் என்றார்கள். ஏன் என்று கேட்டால் பக்கத்தில் இருக்கும் சீனாவைக் காட்டுகிறார்கள். புகழ்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது, விடுங்கள்.

கடல்கோள்:
எங்கட வீட்டுக்குள்ளேயே ஒரு கருத்து இல்லை. 1997இல் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் போட்டது அமெரிக்கா. 2012இல் ஜெனிவாவில் இலங்கை மீதான பொறுப்புக்கூறல் தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் அதே அமெரிக்காதான். அப்பா முதலாவதைச் சொல்லித் திட்டுவார், சித்தப்பா இரண்டாவதைச் சொல்லி வாதாடுவார்.

பழம்பெருச்சாளி:
1971 போரில் இந்தியாவை மிரட்ட எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினானே, அதை யார் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்.

பனிக்காலம்:
முதலில் இதையெல்லாம் இங்கே எழுதுவதை நிறுத்துங்கள். அமெரிக்க விசா படிவத்தில் ஐந்து வருஷத்துச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள், 2019 முதலே.

இரண்டாம் ஷிப்ட்:
திட்டவும் வேண்டும், விசாவும் வேண்டும். நல்ல கூத்து.

செம்பருத்தி:
கேட்டவர் என்ன சொன்னார், அந்த டீம் லீடர் எந்த ஊர்க்காரர் என்று யாராவது கேட்டீர்களா?

புதுவரவு:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். நான் புகழவே இல்லை, திட்டினேன். "நினைத்த இடத்தில் குண்டு போடுவான், 1999இல் பெல்கிரேடில் போட்டானே" என்றேன். அவர் அந்தப் பக்கத்துக்காரர் என்று தெரியும், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இப்போதுதான் அவருடைய இணையப் பக்கத்தில் பார்க்கிறேன், பிறந்தது பிரிஸ்டினா என்று இருக்கிறது.

செம்பருத்தி:
ஐயோ. அது கொசோவோவின் தலைநகர். பெல்கிரேடு செர்பியாவின் தலைநகர். அப்போது கொசோவோ செர்பியாவின் கீழ் இருந்தது. அமெரிக்கா தலைமையில் நேட்டோ 78 நாள் போட்ட அந்தக் குண்டு செர்பியர்களுக்கு ஆறாத புண். சீனத் தூதரகத்தில்கூட விழுந்து மூன்று பேர் செத்தார்கள். ஆனால் செர்பியப் படைகளால் வீட்டை விட்டு விரட்டப்பட்ட கொசோவோ அல்பேனியர்கள் திரும்பி வர முடிந்தது அதற்குப் பிறகுதான். பிரிஸ்டினாவில் கிளிண்டன் பெயரில் சாலை இருக்கிறது, சிலையும் இருக்கிறது. 2009இல் சிலை திறப்புக்கு அவரே வந்தார். 2008இல் தனி நாடு என்று அறிவித்த மறுநாளே அமெரிக்கா அங்கீகரித்தது. இந்தியா அங்கீகரிக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் பிரிஸ்டினாவில் பிறந்த செர்பியர்களும் உண்டு. மறுபடியும் ஊகித்துக்கொண்டு போகாதீர்கள். மெயில் வேண்டாம், எழுத்தில் போனால் சின்ன விஷயமும் ஃபைலாகிவிடும். காலையில் அவர் தனியாக இருக்கும்போது, "அன்று தெரியாமல் பேசிவிட்டேன், மன்னியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம், வரலாறு எதுவும் கூடாது. அவர் பேசினால் கேளுங்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் புரொபேஷனின்போது எத்தனை நாள் நோட்டீஸ் என்று பாருங்கள். வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?

பழம்பெருச்சாளி:
மெயில்தான் சரி. பின்னால் ஏதாவது ஆனால் சாட்சி வேண்டாமா?

பனிக்காலம்:
ஹெச்ஆரிடம் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

செம்பருத்தி:
இரண்டையும் செய்யாதீர்கள்.

புதுவரவு:
திங்கள் மாலை எழுதுகிறேன். மெயில் அனுப்பவில்லை, நேரில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போது எனக்கு ஏழு வயது. மாசிடோனியாவில் கூடாரத்தில் இருந்தோம். விமானச் சத்தம் கேட்டால் என் அம்மா கை தட்டுவார்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நின்றேன். பிறகு என் ஃபைலைத் திறந்து மூன்று திருத்தம் சொன்னார். அறிக்கை அடுத்த மாதம்தானாம். எல்லாருக்கும் நன்றி.

செம்பருத்தி:
நல்லது. எந்த நாடு என்று இன்னும் சொல்லவில்லை.