ஏவிமோர் பக்கம் ஐந்து நாள்: சின்னப் பிள்ளைகளோடும் மூட்டுவலி உள்ள அம்மாவோடும் எங்கெல்லாம் போகலாம்?

குறிஞ்சிவழி கேட்டது:
ஜூலை கடைசி வாரம் ஸ்காட்லாந்தின் எடின்பராவில் கார் வாடகைக்கு எடுத்து, ஏவிமோர் அருகே ஒரு காட்டேஜில் ஐந்து இரவு தங்குகிறோம். பிள்ளைகளுக்கு 9, 4 வயது. அம்மா சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், ஏற்றம் முடியாது. எல்லோரும் சைவம். லாக் மோர்லிக் ஏரி, ரெயின்டீர் மான் மந்தை, கெய்ர்ன்கார்ம் மலை ரயில், லாக் நெஸ், கிளென்ஃபின்னன் பாலம் என்று நாளுக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். இந்த வரிசை சரிவருமா? கடிக்கும் மிட்ஜ் பூச்சிகளைப் பற்றிப் படித்தால் பயமாக இருக்கிறது. அவ்வளவு மோசமா?

மலைத்தடம்:
நாளுக்கு ஓர் இடம் போதும், அது சரி. எந்த நாளில் எது என்று இப்போதே தேதி போடுவதில்தான் சிக்கல். அங்கே காலையில் வெயில், மதியம் மழை என்பது சாதாரணம். முந்தைய இரவே மறுநாள் காற்றும் மழையும் எப்படி என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெயிலோடு காற்றும் இருக்கிற நாளை லாக் மோர்லிக்குக்கு வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில், பைன் காட்டுக்கு நடுவே நிஜமான மணற்கரை. காருக்கும் மணலுக்கும் தூரம் குறைவு என்பதால் அம்மாவுக்கும் தொல்லையில்லை. பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், வெயில் நாளில் கார் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பும்.

மேகமூட்டமான, மழையில்லாத நாளுக்கு லாக் அன் ஐலன். உங்கள் பட்டியலில் அது இல்லாதது பெரிய குறை. ஏரி நடுவே தீவில் இடிந்த கோட்டை. ஏரியைச் சுற்றி வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நான்கு வயதுக் குழந்தையோடு இரண்டு மணி நேரம் ஆகும். அம்மா கோட்டை தெரிகிற கரைவரை மட்டும் நடந்து திரும்பலாம். பாதையில் வேரும் கல்லும் உண்டு, சின்னச் சக்கர ஸ்ட்ரோலர் தடுமாறும்.

கொட்டும் மழையென்றால் கின்கிரெய்கில் உள்ள ஹைலேண்ட் வைல்ட்லைஃப் பார்க். அதில் ஒரு பகுதியைக் காரில் உட்கார்ந்தபடியே சுற்றலாம். பனிக்கரடி இருக்கும் பகுதிக்கு இறங்கி நடக்க வேண்டும். இன்னொரு மழை நாள் வந்தால் ஏவிமோரிலிருந்து போட் ஆஃப் கார்ட்டன் வழியாக புரூம்ஹில் போய்த் திரும்பும் ஸ்ட்ராத்ஸ்பே நீராவி ரயில். அது எல்லா நாளும் ஓடாது, கால அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெயின்டீருக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். 1952இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்த விலங்குகளின் வழிவந்த மந்தை அது. வழிகாட்டியோடு மலைக்குப் போவதென்றால் மேடுபள்ளத்தில் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் அம்மா கிளென்மோரில் ரெயின்டீர் மையத்தை ஒட்டிய அடைப்பில் இருக்கும் மான்களைப் பார்க்கலாம்.

மலை ரயிலை நம்பி ஒரு முழு நாளை ஒதுக்காதீர்கள். 2018இல் கட்டுமானக் கோளாறால் நின்று, 2023 தொடக்கத்தில் ஓடி, அதே ஆண்டு மறுபடி நின்றது. ஓடுகிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். மேல் நிலையம் ஏவிமோரைவிட 6 டிகிரி வரை குளிராக இருக்கும், காற்று வேறு. மலை மேகத்துக்குள் இருந்தால் மேலே போய்ப் பார்க்க ஒன்றுமில்லை.

ஊசியிலை:
மிட்ஜ் விஷயத்தில் பயம் வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது. கொசுவைவிட மிகச் சிறியது. அதனால் ஊரிலிருந்து கொண்டுபோகும் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். மிட்ஜுக்கென்றே விற்கும் நெருக்கமான வலைத் தொப்பி வாங்குங்கள், ஆளுக்கொன்று.

மணிக்கு 7 மைல் வேகத்துக்கு மேல் காற்றடித்தால் மிட்ஜால் பறக்க முடியாது. நல்ல வெயிலும் அதற்கு ஆகாது. காற்றே இல்லாத ஈரமான விடியல், அந்தி, மழை விட்ட உடனே, இவைதான் ஆபத்தான நேரம். சாப்பாட்டுக் கூடையை மரத்தடியில் விரிக்காமல் காற்று வரும் திறந்த கரையில் விரியுங்கள். வெளிர் நிற உடை நல்லது. அந்தியில் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் அறை முழுக்க வந்துவிடும். பூச்சிவிரட்டி மருந்தில் பிகாரிடின் 20 சதவீதம் உள்ளது போதும். டீட் என்ற இன்னொரு விரட்டி மருந்து பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், கண்ணாடிச் சட்டம், வாட்ச் கவனம்.

மிட்ஜ் அரிப்போடு போய்விடும். எனக்கு அதைவிடக் கவலை உண்ணி. லைம் நோய் அதனால்தான் பரவுகிறது. பெரணியும் உயரமான புல்லும் இருக்கும் இடத்தில் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, குழந்தைகளுக்குத் தலைமுடியோரம், காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது இரண்டும் தவறு. அது கடித்த இடத்திலேயே கக்கிவிடும். அடுத்த சில வாரங்களில் கடிவாயைச் சுற்றி வட்டமாகப் பரவும் சிவப்பு தெரிந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுப்படி_கிளாஸ்கோ:
சாப்பாடு பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஐந்து நாளும் வெளியில் சாப்பிடுவது சைவக்காரருக்குக் கஷ்டம். பருப்பு சூப் என்று போட்டிருப்பார்கள், அதைப் பன்றியெலும்பு அவித்த தண்ணீரில் வைப்பதுதான் இங்கத்தைய பழக்கம். சிப்ஸ் கடைகள் பலவற்றில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கோ. ஓட்ஸும் பருப்பும் போட்ட சைவ ஹாகிஸ் (இறைச்சியில் செய்யும் ஸ்கொட்லாந்து உணவின் சைவ வடிவம்) நல்லது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கிராமத்துப் பப்களில் இரவு எட்டு, எட்டரைக்குச் சமையலறை மூடிவிடும்.

ஏவிமோரில் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் இருக்கு. அரிசி, பருப்பு, மரக்கறி கிடைக்கும். கறிவேப்பிலை, புளி, தூள் வகைகளைக் கையோடு கொண்டுபோங்கோ. சின்ன பிரஷர் குக்கரும்.

முக்கியமானது தாளிப்பு. 2022 பிப்ரவரி முதல் ஸ்கொட்லாந்தில் வீட்டு அலாரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்று சட்டம். சமையலறையில் இருப்பது வெப்பத்துக்கு அடிப்பது. நடையிலும் கூடத்திலும் இருப்பது புகைக்கு அடிப்பது. சமையலறைக் கதவு திறந்திருக்க செத்தல் மிளகாய் கருகினால் வீடு முழுக்க ஒரே நேரத்தில் அலறும். கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, காற்றாடியைப் போட்டுவிட்டு எண்ணெயை மிதமாகச் சூடாக்குங்கோ. அலாரத்தைத் துணியால் மூடவோ கழற்றவோ வேண்டாம்.

மலைத்தடம்:
கிளென்ஃபின்னனை விட்டுவிடச் சொல்வேன். ஏவிமோரிலிருந்து ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம், வளைவுச் சாலை, நான்கு வயதுக்கு வாந்தி நிச்சயம்.

நெடுஞ்சாலை9:
கிளென்ஃபின்னனை அவசியம் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பாலத்தின் மேல் போகும் நீராவி ரயில் டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். ஃபோர்ட் வில்லியமிலிருந்து மாலெய்க் போகும் சாதாரண ஸ்காட்ரெயில் ரயிலும் அதே 21 வளைவுப் பாலத்தின் மேல்தான் போகிறது, விலையும் மிகக் குறைவு. ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்தும்.

லாக் நெஸ்ஸுக்கு டோர்ஸ் போங்கள். இன்வர்னஸிலிருந்து 8 மைல். கூழாங்கல் கரையில் நின்றால் ஏரி நீளவாக்கில் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும், ஏரிக்கரையில் இருக்கும் அர்கார்ட் கோட்டையில் போலக் கூட்டமும் இல்லை. திரும்பும் வழியில் கிளாவா கெய்ர்ன்ஸ்: ஏறக்குறைய 4,000 ஆண்டுப் பழைய கல்லறைகள், சமதளம், கட்டணம் இல்லை, அம்மாவுக்கு ஏற்றது.

எடின்பராவிலிருந்து வரும்போது பிட்லாக்ரியில் நிறுத்துங்கள். அணையைத் தாண்டி சால்மன் மீன் ஏறுவதற்கு 34 தொட்டிகளைப் படியாகக் கட்டியிருக்கிறார்கள். ஏ9 நெடுஞ்சாலையில் கேமராக்கள் சராசரி வேகத்தைக் கணக்கிடும், கேமராவருகே மட்டும் மெதுவாக்கிப் பயனில்லை. ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழையுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிர் வண்டி அதில் ஒதுங்கும். பின்னால் வருகிறவருக்கும் வழி விட வேண்டும்.

குறிஞ்சிவழி:
மிக்க நன்றி. கிளென்ஃபின்னனை எடுத்துவிட்டேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு காரில் குழந்தைகளுக்கான சீட் வேண்டுமா? ஏரியில் இறக்கிவிடலாமா?

ஊசியிலை:
12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை சீட் கட்டாயம். உயரத்தை அளந்துவிட்டு, காரோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

ஏரியில் முழங்கால் ஆழம்வரை விளையாடட்டும். ஜூலையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும், திடீரென்று குதித்தால் மூச்சு வாங்கித் தண்ணீரை விழுங்கிவிடுவார்கள். காற்றடைத்த மிதவை பொம்மை வேண்டவே வேண்டாம், கரையிலிருந்து வீசும் காற்று நொடியில் நடு ஏரிக்குத் தள்ளிவிடும். கரையோரம் பச்சைப் பாசி பெயின்ட் கொட்டியதுபோல் படர்ந்திருந்தாலோ எச்சரிக்கைப் பலகை இருந்தாலோ கால்கூட நனைக்காதீர்கள்.