உடல்நல உளவியல் வகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: விரிவுரையாளர், திருச்சி

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை மாணவர்களுக்கு உடல்நல உளவியல் தாளை இந்தப் பருவத்தில்தான் முதன்முறையாக நடத்துகிறேன். 1977இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் முன்வைத்த, நோயை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் உயிர்-உளம்-சமூக மாதிரியில் தொடங்கி, மறு ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தில் இத்துறைக்கெனத் தனிப்பிரிவு அமைந்ததைச் சொல்லி, உடல்நல நம்பிக்கை மாதிரிக்கு வந்தேன் (நோய் தமக்கு வரக்கூடுமா, அது எவ்வளவு கடுமையானது, சிகிச்சையால் என்ன பயன், என்ன தடை என்ற நான்கைப் பற்றிய நம்பிக்கைகளே ஒருவரின் உடல்நலச் செயலைத் தீர்மானிக்கின்றன என்பது அது). பலகையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்தேன். உள்தேர்வில் எல்லோரும் அதைப் பிழையின்றித் திருப்பி வரைந்துவிட்டார்கள். ஆனால், சர்க்கரை நோயாளி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் காரணத்தை எப்படிக் கண்டறிவீர்கள் என்ற கேள்விக்கு, ‘அவருக்கு விழிப்புணர்வு இல்லை, ஆலோசனை வழங்க வேண்டும்’ என்று முக்கால்வாசிப் பேர் ஒரே வரியில் முடித்திருந்தார்கள். எங்கே தவறினேன்?

பதில் 1: ஓய்வுபெற்ற பேராசிரியர், சென்னை

படத்தை அழித்துவிட்டு, அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததோ அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிவதற்காக எக்ஸ்ரே வண்டிகள் மக்கள் குடியிருக்கும் பகுதிகளுக்கே சென்று நின்றன, கட்டணமும் கிடையாது, இருந்தும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய காட்ஃப்ரி ஹாக்பாம் பாஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் ஆகிய மூன்று நகரங்களில் 1,200க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தார். தமக்கும் இந்நோய் வரக்கூடும், முன்பே கண்டறிந்தால் பயனுண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதத்தினர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தனர். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதத்தினரே எடுத்திருந்தனர்.

நான் இந்த எண்களை முதலில் சொல்வதில்லை. தெருமுனையில் வண்டி காலியாக நிற்பதை மட்டும் சொல்லிவிட்டு, ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டு ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொள்வேன் (ஆசிரியர்களுக்கு இதுதான் கடினம்). நான்கு கட்டங்களில் மூன்றையாவது மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதில் 2: மருத்துவமனை உளவியலாளர், மதுரை

பேராசிரியர் ஐயா சொல்வது தொடக்கத்துக்குச் சரி. எனினும் எக்ஸ்ரே என்பது ஒருநாள் காரியம். மாத்திரையோ ஆயுள்காலச் சங்கதி. அங்கே உடல்நல நம்பிக்கை மாதிரி எனக்குப் பாதி வழிவரைதான் துணைவந்தது.

இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கும் அம்மா ஒருவரின் மஞ்சள் பையில் மாத்திரை அட்டைகள் பாதி பிரிக்கப்படாமல் இருந்தன. நோயின் ஆபத்தும் மருந்தின் பயனும் அவருக்கு நன்றாகவே தெரியும். கணவரைப் பக்கவாதத்துக்குப் பறிகொடுத்தவர். ‘பின்மண்டை கனத்தால் போடுவேன். சும்மா இருக்கும்போது எதுக்கு உடம்பைச் சூடாக்கிக்கணும்?’ என்றார். இதை விழிப்புணர்வின்மை என்று எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். அவரிடம் இருப்பது நோயைப் பற்றிய முழுமையான ஒரு கோட்பாடு. அது மருத்துவரின் கோட்பாடு அல்ல, அவ்வளவுதான். உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985இல் இரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்டதும் இதுவே: அழுத்தம் ஏறுவதைத் தம்மால் உணர முடியும் என்று நம்பி, அந்த உணர்வை வைத்தே அவர்கள் மருந்தைத் தீர்மானித்தார்கள். ஆகவே நோயின் அடையாளம், காரணம், காலம், விளைவு, கட்டுப்பாடு என்ற ஐந்தையும் குறித்து ஒரு நோயாளியிடம் பேசி, அவருடைய சொற்களிலேயே எழுதி வரும்படி மாணவர்களை அனுப்புங்கள். அறிவுரை சொல்லக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

பதில் 3: ஆய்வு மாணவி, கோவை

எங்கள் ஆசிரியை செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளுக்கு 28 சீரக மிட்டாய்களைச் சிறு டப்பாவில் தந்து, காலையும் இரவும் உணவுக்குப் பின் ஒன்று வீதம் 14 நாள் சாப்பிடச் சொன்னார். பத்தாம் நாள் முன்னறிவிப்பின்றி விடுதிக்கே வந்து எண்ணினார். என் டப்பாவில் ஐந்து கூடுதலாக இருந்தன. என் அறைத்தோழியின் கணக்கு மிகச் சரியாக இருந்தது. அவர் வருவதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, கூடுதலாக இருந்தவற்றை ஒரே வாயில் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகே 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய சென்னை ஆய்வை அவர் விளக்கினார். வீட்டிலிருந்தே ஓராண்டு மருந்து உண்ட காசநோயாளிகளும் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களைப் போலவே குணமடைந்ததைக் காட்டிய அந்த ஆய்வில், பணியாளர்கள் திடீரென வீட்டுக்குச் சென்று மருந்தை எண்ணியதோடு நில்லாமல் சிறுநீரையும் சோதித்தார்கள். சிறுநீர்ச் சோதனை ஏன் தேவைப்பட்டது என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வகுப்பே என் தோழியைத் திரும்பிப் பார்த்தது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. திங்களன்று காலி வண்டியோடு தொடங்குகிறேன். மிட்டாய்ப் பயிற்சியில் ஓர் ஐயம்: இனிப்பை விரும்பித்தானே தின்பார்கள்? அக்காலக் காசநோயாளிகளுக்குக் கிடைத்த பாஸ் (PAS) என்ற மருந்து குமட்டலுக்குப் பேர்போனது அல்லவா?

ஆய்வு மாணவி, கோவை

அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு ஆசிரியை சுண்டைவற்றலுக்கு மாறிவிட்டார், ஐயா. மூன்றாம் நாளே இருவருக்கு ‘ஒவ்வாமை’ வந்துவிட்டதாகக் கேள்வி.