மறு: கூலன்ட் – குளிர்விப்பான் வேண்டாம், சூடாற்றி?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். கார் என்ஜினின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்டுக்குத் தமிழில் ‘சூடாற்றி’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் யோசனை. அதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> ‘குளிர்விப்பான்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிய சொல் எதற்கு?

இருக்கிறது, சரி. ஆனால் அந்தச் சொல் என்ஜினைப் பற்றித் தப்பாகச் சொல்கிறது. ஓடுகிற என்ஜின் குளிர்ந்து கிடக்கக் கூடாது. 80, 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்காகவே தெர்மோஸ்டாட் என்று ஒன்றை வைத்து, போதிய சூடு ஏறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கிறார்கள். மிஞ்சிய சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய், ரேடியேட்டரில் காற்றிடம் விட்டுவிட்டுத் திரும்புவதுதான் இந்தத் திரவத்தின் சோலி. டீக்கடையில் பாலை ஆற்றுகிறவரும் இதையே செய்கிறார். அவர் தருகிற டீ குளிர்ந்தா இருக்கிறது? ‘ஆற்று’ என்ற வினையிலிருந்து சொல் பிறக்கட்டும் என்பது என் கட்சி.

முதலில் ‘ஆற்றுநீர்’ என்றுதான் எழுதி வைத்தேன். வீட்டில் சிரித்துவிட்டார்கள். ஆற்றுநீர் வாதம் போக்கும், அருவிநீர் பித்தம் போக்கும் என்று சொல்கிற ஊரில் அது ரேடியேட்டரின் சூட்டையும் போக்கும் என்றால் யார் நம்புவார்கள்? போதாக்குறைக்கு, பாபநாசத்தில் வண்டியை நிறுத்தித் தாமிரபரணியிலிருந்தே மொண்டு ஊற்றியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே ‘சூடாற்றி’.

> பச்சைச் சூடாற்றி, சிவப்புச் சூடாற்றி என்று நிறத்தை வைத்தே வகைப்படுத்திவிடலாமே?

இதைத்தான் கூடாது என்கிறேன். நான் பட்டவன்.

எங்களிடம் 1991 மாடல் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. வள்ளியூர் மாமா ஓட்டியது. கிணற்றுத் தண்ணீரைத் தவிர எதையும் அவர் அதற்குக் காட்டியதில்லை. வண்டி கைக்கு வந்ததும் ரேடியேட்டரைக் கழுவிப் பச்சை ஊற்றினேன். ஒரு சித்திரையில், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போகிற ஏற்றத்தில் ஹோஸ் கசிந்து, முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வழியில் ஒரு கடையில் இருந்தது சிவப்பு மட்டும். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார் கடைக்காரர். ஊற்றினேன், குறைக்குக் குழாய்த் தண்ணீர். இரண்டு மாதம் கழித்து மூடியைத் திறந்தால் உள்ளே கேப்பைக் கூழ் மாதிரி ஒன்று. மெக்கானிக் விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் சேராது அண்ணாச்சி. மீனும் மோரும் மாதிரி” என்றார்.

அந்தப் பச்சை கனிம வகை. சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உலோகத்தின் உள்பக்கம் முழுவதும் மெல்லிய பூச்சாகப் படிந்து அரிப்பைத் தடுக்கும். சீக்கிரம் தீர்ந்தும் போகும், இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். சிவப்பு கரிம வகை. அதிலிருக்கும் கரிம அமில உப்புகள் எல்லா இடத்திலும் பூசிக்கொள்ளாமல், அரிப்பு தொடங்குகிற இடத்தில் மட்டும் போய் வேலை செய்யும். அதனால் ஐந்து வருடம் தாங்கும். இரண்டையும் கலந்தால் குறைந்தபட்சம் அந்த ஐந்து வருடம் போச்சு. கெட்ட நேரம் என்றால் கூழ்.

ஜெனரல் மோட்டார்ஸ் கரிம வகையை டெக்ஸ்-கூல் என்ற பெயரில் கொண்டுவந்தது 1995இல். அதற்கு முன் வடிவமைத்த வண்டிகள் பலவற்றில் செம்பு, பித்தளை ரேடியேட்டர், ஈயப் பற்றவைப்பு. இவற்றைக் காப்பதில் பழைய கனிம வகைதான் கெட்டிக்காரன். கரிம அமிலங்களில் சில, பழைய கேஸ்கெட்டை இளக்கவும் செய்யும். ஆக, பழைய காருக்குக் கனிம வகை. வேறு வகைக்கு மாறித்தான் ஆகவேண்டும் என்றால், உள்ளே இருப்பது ஒரு சொட்டு விடாமல் கழுவிய பிறகு.

நிறமோ வெறும் சாயம். ஒருவர் பச்சையில் கரிம வகையைப் போட்டு விற்கலாம், தடுக்கச் சட்டம் இல்லை. எனவே கனிமச் சூடாற்றி, கரிமச் சூடாற்றி, இரண்டுக்கும் நடுவே வருவதற்குக் கலப்புச் சூடாற்றி.

> ஒன்றோடொன்று கலக்கக்கூடியதை (compatible) ‘ஒத்திசைவான சூடாற்றி’ என்றால் எப்படி?

பாட்டுக் கச்சேரி மாதிரி இருக்கிறது. ‘சேராது’ என்ற சொல் மெக்கானிக் வாயிலேயே இருக்கும்போது நாம் ஏன் அகராதிக்குப் போகிறோம்? சேரும் சூடாற்றி, சேராச் சூடாற்றி. அந்தப் பண்புக்குப் பெயர் ‘சேர்த்தி’. பெருமாள் கோயில் போகிறவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். சித்த வைத்தியர்கள் நட்புச் சரக்கு, பகைச் சரக்கு என்று பிரிப்பதும் இதே கணக்குதான்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து

———

அண்ணாச்சி, வணக்கம். திசையன்விளைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

சூடாற்றி எனக்குப் பிடித்திருக்கிறது. ‘கூலன்ட் ஆயில்’ என்று கேட்டு வாங்குகிற பழக்கத்தையாவது அது ஒழிக்கட்டும், அதில் எண்ணெய் ஏது? ஆனால் உங்கள் கூழுக்கு முழுப் பழியையும் சிவப்பின் மேல் போடாதீர்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடின நீரில் இருக்கிற கால்சியம், பச்சையிலிருக்கும் பாஸ்பேட்டோடு சேர்ந்தால் படிவம்தான். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டைத் தவிர்ப்பது அங்கே தண்ணீர் கடினம் என்பதால். ஜப்பானியர்கள் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பம்பின் சீல் தேய்கிறது என்று சிலிகேட்டைத் தவிர்க்கிறார்கள். உங்களுக்காவது தாமிரபரணி. எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பே வேகாது, அதை அம்பாசிடருக்கு ஊற்றினால் என்ன ஆகும்?

இன்னொன்று. கலக்காமல் டப்பாவில் வருவதற்கும், தண்ணீர் கலந்தே வருவதற்கும் தனிப்பெயர் வேண்டும். கெட்டித்தயிர் மாதிரி ‘கெட்டிச் சூடாற்றி’ என்று வைத்துப் பாருங்கள்.

———

தம்பி, தண்ணீர் விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். இப்போது பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுகிறேன்.

‘கெட்டி’யும் இருக்கட்டும். கட்டியாக இருக்குமோ என்று யாராவது நினைக்கலாம், டப்பாவைத் திறந்தால் தெளிந்துவிடும். கெட்டிக்குச் சரிபாதி தண்ணீர் கலந்தால் −37 டிகிரி வரை உறையாது. குற்றாலச் சாரலில்கூட நமக்கு அது தேவைப்படாது, ஆகவே ‘உறைதடுப்பி’ என்ற சொல்லை இங்கே விட்டுவிடலாம். நமக்கு ஆதாயம் மறுமுனையில். 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இந்தக் கலவையில் 106, 107 வரை தாங்கும். அதற்குமேல், ரேடியேட்டர் மூடி தாங்குகிற அழுத்தத்தில், சதுர அங்குலத்துக்கு ஒவ்வொரு பவுண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. ஆரியங்காவு ஏற்றத்துக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை: பழையதை இறக்கும்போது தெருவில் விடாதீர்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.

போன வாரம் டப்பாவின் மேல் மார்க்கரால் ‘கனிமச் சூடாற்றி, சரிபாதி’ என்று எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். “நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி” என்றார். அப்புறம் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்து, என்ன கலர் என்று பார்த்தார்.