வருடத்துக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்வது காதலா?

கவுண்டன்யா எழுதியது:
நேற்று ராத்திரி ஒரு நாவலைப் படித்து முடித்தேன். எழுதியவருக்கு இதுதான் முதல் நாவல். கதை நம் குடியாத்தத்தில் நடக்கிறது. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971-ல் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பேர். அவள் ஊர்த்தெரு, அவர் காலனி. விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அவளை மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். அவர் ரயில்வேயில் சேர்ந்து ஜோலார்பேட்டைக்குப் போகிறார், அவருக்கும் கல்யாணம் ஆகிறது. அப்புறம் நாற்பது வருடம், வைகாசி முதல் தேதி கெங்கையம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் சிரசுத் திருவிழா அன்று மட்டும் கூட்டத்தில் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்கிறார்கள். பேச்சே கிடையாது. இருவருக்கும் கடைசி வரை பெயரும் கிடையாது.

சிரசு வரும் வழியெல்லாம் சூறைத் தேங்காய் உடைப்பார்கள் இல்லையா, அதில் தெறிக்கும் ஒரு சில்லை அவர் வருடா வருடம் குனிந்து எடுப்பார். அவள் அதைப் பார்ப்பாள். அவ்வளவுதான். கடைசி வருடம் அவர் வரவில்லை. அவள் குனிந்து ஒரு சில்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சமீபத்தில் படித்ததில் இவ்வளவு சுத்தமான காதல் கதை வேறு இல்லை.

தோல்ஷாப் மகள் எழுதியது:
நானும் படித்தேன் தம்பி. எழுத்து நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘சுத்தமான’ என்ற வார்த்தை எனக்கு இடிக்கிறது. ஜோலார்பேட்டையில் அவரோடு குடும்பம் நடத்திய மனைவி யார்? முந்நூறு பக்கத்தில் சோறு போடவும் குழந்தை பெறவும் மட்டும்தான் வருகிறார். அந்தப் பக்கம் மாமன் மகனும் ஒரு மனுஷன்தானே? மனசை ஓரிடத்தில் வைத்துவிட்டு வேறொரு வீட்டில் நாற்பது வருடம் சாப்பிட்டதைத் தியாகம் என்று எப்படி ஒத்துக்கொள்வது? தைரியம் இருந்திருந்தால் அன்றைக்கே சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனதை நாவல் அழகாக்கிக் காட்டுகிறது.

நெல்லூர்ப்பேட்டை எழுதியது:
அக்கா, 1971-ல் எப்படிச் சேர்வது? பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டிவிடுவார்கள். முதல் நாளே வீட்டுக்குச் சேதி போய்விடும். இரண்டாம் நாள் பெண் உயிரோடு இருப்பாளா என்பதே சந்தேகம். நம் ஊரில் இருந்துகொண்டு தைரியம் என்று பேசுவது சுலபம்.

பழைய வ.ஆ. எழுதியது:
ஒரு சின்னத் திருத்தம் தம்பி. 30 நாள் அறிவிப்பு 1954-ம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு. இந்த இருவரும் இந்துக்கள். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலே போதும், மோதிரம் போட்டாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். புரோகிதரும் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம்.

நானும் என் மனைவியும் 1978-ல் அப்படித்தான் செய்துகொண்டோம், வேலூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில். இரண்டு சம்பங்கி மாலை, ஒரு தட்டு கற்கண்டு. சட்டம் எங்களைக் கைவிடவில்லை. குடியிருக்க வீடுதான் கிடைக்கவில்லை. முதல் வருடத்தில் மட்டும் ஐந்து வீடு மாறினோம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. என் மாமியாரை நான் பார்த்தது அவர் பாடையில் கிடந்தபோதுதான். அதனால் காத்திருந்தவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் இந்த நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. அவர்களைப் பிரித்தது யார்? ‘காலம்’, ‘விதி’ என்றே எழுதிக்கொண்டு போகிறார். அப்பாவுக்கு முகம் இல்லை, மாமனுக்குக் குரல் இல்லை. எனக்குத் தெரிந்து விதி வந்து யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. ஆட்கள்தான் வந்து தட்டினார்கள். அவர்களுக்குப் பெயரும் இருந்தது.

கவுண்டன்யா எழுதியது:
ஐயா, நீங்கள் சொன்ன பிறகு வாதாடவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். எல்லாவற்றையும் விளக்கியிருந்தால் அது கட்டுரையாகிவிடும். சிரசுத் திருவிழாவைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். வெட்டுப்பட்ட ரேணுகையின் தலையை அங்கே சண்டாளச்சி என்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின் உடலில் பொருத்துகிறார்கள். ஊரே கூடி, இரண்டு பிறப்பு ஒன்றாவதைக் கும்பிடுகிறது. அதே ஊர் இந்த இருவரையும் தெருவின் இரண்டு ஓரத்தில் நிறுத்திவைத்திருக்கிறது. இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

தோல்ஷாப் மகள் எழுதியது:
அதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரராக இருக்க வேண்டும் தம்பி. நாவல் அந்தக் கதையை ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

இன்னொன்று. 1993-ல் ஒரே ஒரு முறை கடிதம் போட்டுக்கொள்கிறார்களே, கவனித்தீர்களா? அவர் உறையில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று முழுசாக எழுதுகிறார். அவள் பதில் உறையில் ‘வ.ஆ. மாவட்டம்’. இருபது வருடம் காதலித்தவருடைய தலைவர் பெயரை எழுத அவள் கை வரவில்லை.

நெல்லூர்ப்பேட்டை எழுதியது:
இது அநியாயம் அக்கா. எங்கள் தாத்தா சாகும் வரை வ.ஆ. என்றுதான் எழுதினார். பழக்கம், வேறொன்றும் இல்லை.

பழைய வ.ஆ. எழுதியது:
என் பெயரைப் பார்த்தால் நானும் அந்தப் பழக்கக்காரன் என்று தெரியும். ஆனால் ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரிக்கும் சார்ட்டிங் வேலை பார்த்தவன் நான். 1989-ல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, எங்கள் பக்கத்துக்கு அம்பேத்கர் பெயரை வைத்தார்கள். பிறகு வேலூர் மாவட்டம் ஆகும் வரை ஆயிரக்கணக்கான உறைகள் என் கையில் போயிருக்கும். வ.ஆ. என்று எழுதியவர்களில் எல்லோரும் உண்டு, அவசரத்தில் எழுதியவர்களும் உண்டு. முழுப் பெயரையும் நிறுத்தி எழுதியவர்கள் யார் என்பது மட்டும் அனுப்புநர் முகவரியைப் படிக்காமலே எனக்குத் தெரியும். அந்தப் பெண் பழக்கத்தில் எழுதியிருக்கலாம். அவர் பழக்கத்தில் எழுதவில்லை.

கவுண்டன்யா எழுதியது:
அந்த இரண்டு உறைகளையும் நான் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தேன், அடுத்தடுத்த பத்தியில் இருக்கின்றன, ஒரு விளக்கமும் இல்லாமல். ஆசிரியருக்குத் தெரியாமல் இப்படி அமைந்திருக்காது. காதலிலும் அவள் ஊர்த்தெருவை விட்டு முழுசாக வெளியே வரவில்லை என்பதை அவர் அறிந்தே வைத்திருக்கிறார். சுத்தமான காதல் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நல்ல நாவல் என்று சொன்னதை விடமாட்டேன்.

தோல்ஷாப் மகள் எழுதியது:
சரி, அது போகட்டும். ஜோலார்பேட்டை மனைவியைப் பற்றி நான் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கவுண்டன்யா எழுதியது:
தேடிப் பார்த்தேன் அக்கா. ஓர் இடம் இருக்கிறது. வைகாசி முதல் தேதி காலை, அவர் எழுந்திருக்கும் முன்பே வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டியிருக்கிறது. அவர் கேட்கவில்லை. அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு வரி. அந்த அத்தியாயத்தை இன்றைக்கு மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன்.