காரைக்குடி சமையல் பிளாக்கை விக்கலாமா, என்ன விலை சொல்றது?

பலகாரப்பெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடில இருந்து எழுதுறேன். செட்டிநாட்டு சமையலுக்குன்னு தமிழ்ல ஒரு பிளாக் வச்சிருக்கேன், காலேஜ் படிக்கிறப்ப பிளாக்ஸ்பாட்ல சும்மா ஆரம்பிச்சது, அப்புறம் டாட் காம் ஒண்ணு வாங்கி அதுல மாட்டிக்கிட்டேன். அப்பத்தா சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணுவேன், கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், மனகோலம், கும்மாயம், வத்தல் மண்டின்னு எல்லாம் இருக்கு. ஆட்சென்ஸ்ல, அதான் கூகுள் பிளாக்ல போடுற விளம்பரத்துக்கு தர்ற காசு, செலவு போக மாசம் சராசரியா 9,000 ரூபா வருது, தீபாவளி சமயத்துல ஏறும். அதுபோக பிளாக்க பாத்துட்டு வாட்ஸ்அப்ல பலகார ஆர்டர் தர்றாங்க, அதையும் சேத்தா மாசம் 25,000 கிட்ட நிக்கும்.

இப்ப எனக்கு சென்னைல வேலை கெடச்சிருக்கு, பிளாக்க பாக்க நேரம் இருக்காது. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் ஒன்றரை லட்சம் தர்றேன்னு கேக்குறார், ஆனா ஜிமெயில் ஐடி, பாஸ்வேர்டு, ஆட்சென்ஸ் அக்கவுண்ட் எல்லாத்தையும் அப்படியே குடுத்துரணுமாம். வெல சரிதானா? வேற எங்க விக்கலாம்? இன்னொன்னு, இதுல நெசமாவே காசு இருக்குன்னா புதுசா ஒண்ணு ஆரம்பிச்சு வளத்து விக்கிறத ஒரு தொழிலா பண்ண முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேவகோட்டை ரஸ்தா:
மொதல்ல அந்த பாஸ்வேர்டு பேச்ச நிப்பாட்டுங்க ஆச்சி. ஆட்சென்ஸ் அக்கவுண்ட்ட இன்னொருத்தருக்கு கைமாத்த கூகுள் விடாது, அது உங்க பேரு, உங்க பான், உங்க பேங்க்கோட கட்டுனது. வாங்குறவர் தன்னோட அக்கவுண்ட்ல இருந்து விளம்பர கோடு எடுத்து போட்டுக்கணும், அவ்வளவுதான். உங்க அக்கவுண்ட்டதான் வேணும்னு ஒருத்தர் ஒத்தக்கால்ல நின்னா அவருக்கு சொந்தமா அப்ரூவல் கெடைக்கலைன்னு அர்த்தம், இல்ல வாங்கி முடங்கிப் போயிருக்கும். நாளைக்கு அவர் ஏடாகூடமா ஏதாச்சும் பண்ணா உங்க பேர்லதான் விழும். ஜிமெயில் குடுத்தா உங்க போட்டோ, ஓடிபி, பேங்க் மெயில் எல்லாம் சேந்து போகுது.

விலைக்கு வர்றேன். இந்த மாதிரி சைட்டுக்கு மாச லாபத்த எடுத்து அதுக்கு இத்தன மடங்குன்னு பேசுவாங்க, 20 மடங்குல ஆரம்பிச்சு 40 மடங்கு வரைக்கும் சொல்லுவாங்க, சைட்டு நெலமைய பொறுத்து. 9,000த்துக்கு 24 மடங்கு போட்டா 2,16,000, 30 மடங்குன்னா 2,70,000. அவர் சொல்றது 17 மடங்கு கூட வரல. ஆனா நீங்க 25,000த்த வச்சு கணக்கு போட்டா அதும் தப்பு. பலகாரக் காசு பிளாக்கோடது இல்ல, உங்க வீட்டு அடுப்போடது. வாங்குறவருக்கு உங்க அப்பத்தா கெடைக்க மாட்டாங்கல்ல.

முனீஸ்வரன் கோயில் தெருல பழைய வீட்ட பிரிச்சு விக்கிறவங்க கதவுக்கு ஒரு வெல, தூணுக்கு ஒரு வெலன்னு சொல்ற மாதிரி இதையும் பிரிச்சு பாருங்க. டொமைன் பேரு (அந்த டாட் காம்), எழுதுன போஸ்டுங்க, போட்டோங்க, ஃபேஸ்புக் பேஜ் இருந்தா அது, மெயில் லிஸ்ட் இருந்தா அது. எது போகும் எது நிக்கும்னு மொதல்ல ஒரு பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் வெல பேசுங்க. வாட்ஸ்அப் நம்பர் நிக்கிற பக்கம்.

பள்ளத்தூரான்:
ரஸ்தா அண்ணே விக்கிறவங்க பக்கம் பேசிட்டார், நான் வாங்குற பக்கம் பேசுறேன், சின்ன சின்ன சைட்டா வாங்கி ஓட்டுறவன். 30 மடங்குங்கிறது நல்லா இருந்த காலத்து பேச்சு அண்ணே. 2023 செப்டம்பர்ல கூகுள் தேடல்ல யாரு மேல வரணும்ங்கிறத மாத்துற அப்டேட் ஒண்ணு விட்டுச்சு, திரும்ப 2024 மார்ச்ல ஒண்ணு, ரெண்டுலயும் எத்தனையோ சின்ன சைட்டுங்களுக்கு டிராஃபிக், அதான் வர்ற ஆளு, பாதிக்கு மேல விழுந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல இருந்து இந்தியாவுலயும் தேடுனா மேலேயே ஏஐ பதில் வந்து நிக்குது, கும்மாயத்துக்கு எவ்வளவு கருப்பட்டின்னு கேட்டவன் அத படிச்சுட்டு அங்கேயே கெளம்பிடுறான், சைட்டுக்கு வர்றதே இல்ல. அதனால வாங்குறவன் இப்ப ரொம்ப பயந்துதான் கைய நீட்டுறான்.

என்கிட்ட விக்க வந்தா நான் கேக்குறது இதுதான். கூகுள் தேடல்ல இருந்து எத்தன பேரு வந்தாங்கன்னு காட்டுற சர்ச் கன்சோல்ல 16 மாசம் வரைக்கும் கணக்கு நிக்கும், அத முழுசா தொறந்து காட்டணும். சைட்டுக்கு வர்ற ஆளுங்க கணக்க காட்டுற அனலிடிக்ஸ்ல பாக்க மட்டும் அனுமதி குடுத்தா போதும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீங்க, ஸ்கிரீன்ஷாட்ட நம்பி யாரும் காசு குடுக்க மாட்டான், அத எடிட் பண்ண ரெண்டு நிமிஷம் ஆகாது. வீடியோ கால்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணி ஆட்சென்ஸ் பக்கத்த என் கண்ணு முன்னாடி ரீஃப்ரெஷ் பண்ணணும். ஒரு தடவ இப்படித்தான் ஒரு உடல்நல சைட்டு பாத்தேன், மாசம் ஒரு லட்சம் விசிட்டர்னு சொன்னார், உள்ள போனா முக்காவாசி பேரு நம்ம நாட்டு ஆளே இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு கொத்தா வர்றாங்க, ரெண்டு செகண்ட்ல போயிடுறாங்க, எல்லாம் காசுக்கு வாங்குன டிராஃபிக். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

அடுத்தது, எந்த போஸ்டுக்கு ஆளு வர்றான்னு பாப்பேன். உங்களுக்கு வர்ற ஆளுல பாதிப்பேரு வெள்ளைப் பணியாரம் ஒண்ணுக்கே வர்றாங்கன்னா அது ஆபத்து, அந்த ஒரு போஸ்ட் கீழ எறங்குனா சைட்டே எறங்கிடும். நூறு போஸ்ட்டுக்கு கொஞ்சம் கொஞ்சமா வந்தா கூட காசு குடுப்பேன். தீபாவளி மாச வருமானத்த காட்டி வெல சொல்லாதீங்க, 12 மாசத்த கூட்டி வகுத்து சொல்லுங்க. என் கணக்குல உங்க பிளாக் 1,80,000ல இருந்து 2,20,000 வரைக்கும் போகலாம், அதுவும் டிராஃபிக் கீழ எறங்காம இருந்தா.

சிங்கப்பூர் சிட்டு:
ஐயோ விக்காதீங்க ஆச்சி!! இங்க உக்காந்துகிட்டு அரிசி களைஞ்ச தண்ணிய கீழ ஊத்தாம மண்டி வைக்கிறேன்னா உங்கள மாதிரி எழுதுறவங்களாலதான். வாங்குறவன் ஏஐல நாலு பிரியாணி எழுதி ரொப்பி நாசம் பண்ணிருவான்

தேவகோட்டை ரஸ்தா:
சிட்டு சொல்றதும் நடக்குறதுதான், ஆனா பாசத்துக்கு ஆட்சென்ஸ்ல காசு வராதே தம்பி.

எங்க விக்கிறதுன்னு கேட்டீங்கல்ல ஆச்சி, ஃப்ளிப்பான்னு ஒரு ஆஸ்திரேலியா கம்பெனி, 2009ல இருந்து இதுக்குன்னே சந்தை நடத்துறாங்க. லிஸ்ட் பண்ண காசு, வித்தா கமிஷன். பெரிய புரோக்கருங்க மாச லாபம் ஆயிரக்கணக்கான டாலர் இல்லாம தொட மாட்டாங்க, நம்ம சைட்டு அவங்களுக்கு கொசு. என்ன கேட்டா தமிழ் சைட்டுக்கு ஃப்ளிப்பாவுல ஆளு புடிக்கிறது கஷ்டம், வாங்க வர்றவனுக்கு படிக்கவே தெரியாதே. மசாலாப் பொடி விக்கிறவங்க, சமையல் யூடியூப் வச்சிருக்கவங்க, இங்க ஹெரிட்டேஜ் ஹோட்டல் நடத்துறவங்க, இவங்கள நேரா போய் கேளுங்க. இவங்களுக்கு விளம்பரக் காசு முக்கியமில்ல, வர்ற ஆளுதான் முக்கியம், அதனால மடங்கு கணக்கெல்லாம் பாக்காம குடுப்பாங்க.

பலகாரப்பெட்டி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். கோயம்புத்தூர்க்காரர்கிட்ட பாஸ்வேர்டு தர முடியாதுன்னு சொன்னேன், 1,80,000க்கு ஏறி வந்தார், ஆட்சென்ஸ் வேணாம்னுட்டார். ஆனா எழுத்துல எதுவும் வேணாம், நம்பிக்கைதானேங்குறார். அப்புறம் போட்டோல பாதிக்கு மேல எங்க அத்தை மகன் எடுத்தது, அது ஏதும் பிரச்சினையாகுமா? விக்கிறப்போ இனிமே சமையல் பத்தியே எழுதக்கூடாதுன்னும் கேக்குறார், அது முடியுமா?

கணக்குப்பிள்ளை:
ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், வக்கீல் இல்ல, ஆனா இந்த மூணும் அடிக்கடி வர்றது.

எழுத்துல இல்லாம வாங்குறது அவருக்குத்தான் நஷ்டம், அத அவருக்கே சொல்லுங்க. காப்பிரைட் சட்டம் 1957ல 19ஆம் பிரிவு, உரிமைய மாத்திக் குடுக்குறதுன்னா எழுத்துல கையெழுத்து போட்டிருந்தாத்தான் செல்லும். எழுதுனாலும் எத்தன வருஷத்துக்குன்னு போடலைன்னா அஞ்சு வருஷத்துக்குத்தான் குடுத்ததா எடுத்துக்குவாங்க, எந்த ஊருக்குன்னு போடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனால உரிமை இருக்குற காலம் முழுக்க, உலகம் முழுக்கன்னு ரெண்டையும் எழுதச் சொல்லுங்க. உங்க பக்கம் பாத்துக்க வேண்டியது, அப்பத்தாவோட கைமுறைகள புஸ்தகமா போடுற உரிமைய வச்சுக்கணும்னா அதையும் அதே பத்திரத்துல எழுதணும். சாமான் லிஸ்டுக்கு காப்பிரைட் கிடையாது, நீங்க எழுதுன விதத்துக்குத்தான் உண்டு, அதனால நாளைக்கு உங்க வார்த்தையில புதுசா அதே கந்தரப்பத்த எழுதினா தப்பில்ல.

பொதுவா போட்டோ எடுத்தவருக்குத்தான் போட்டோ சொந்தம். அத்தை மகன்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிருங்க, எந்தெந்த போட்டோ, எவ்வளவு காசுக்கு, யாருக்குன்னு போட்டு. சொந்தக்காரங்கதானேன்னு விட்டுட்டு வித்தப்புறம் கேட்டா அவருக்கு பங்கு கேக்கத் தோணும்.

சமையலே எழுதக்கூடாதுங்கிறது பொதுவா செல்லாது, ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு தொழில் பண்றத தடுக்குற ஒப்பந்தத்த செல்லாதுன்னுதான் சொல்லுது. ஆனா தொழிலோட நற்பேர வித்தா அதுக்கு ஒரு விலக்கு இருக்கு, நியாயமான எல்லைக்குள்ள தடை போடலாம். அதனால சும்மா தலையாட்டாதீங்க, ரெண்டு வருஷம், தமிழ் சமையல் பிளாக் மட்டும்னு சுருக்குங்க, பலகார வியாபாரம் இதுல வராதுன்னு தனியா ஒரு வரி போடுங்க. அந்த ஒரு வரிய விட்டா மாசம் 16,000 போச்சு.

வருமான வரிக்கு, இந்தக் காசு எந்தத் தலைப்புல வரும்னு உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க, வாங்கிட்டு கேக்காதீங்க. ஆட்சென்ஸ் வருமானத்த வருஷா வருஷம் ரிட்டர்ன்ல காட்டியிருந்தா அதுவே வெல பேசுறதுக்கு பெரிய ஆதாரம். பர்மாவுல கடை வச்சிருந்தவங்க ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் கணக்கு) எடுத்து மொதலாளிக்கு அனுப்புன ஊரு இது, அந்த ஊர்ல பிளாக் வச்சிருக்கவங்க ஒரு எக்செல் ஷீட் கூட வைக்க மாட்டேங்கிறாங்க, எங்க ஆபீஸ்ல தெனம் இதே பாடுதான்.

பள்ளத்தூரான்:
ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. வளத்து விக்கிறது தொழிலா பண்ணலாம், ஆனா இப்ப நீங்க வச்சிருக்க மாதிரி வச்சா விக்க கஷ்டம். உங்க பேரு, உங்க அப்பத்தா பேரு, உங்க குரல்னு எல்லாம் உங்களோட ஒட்டியிருக்கு, படிக்கிறவங்களுக்கு அது அழகு, வாங்குறவனுக்கு தலைவலி. விக்கணும்னே ஆரம்பிக்கிறதா இருந்தா டொமைன்ல ஆளு பேரு வேணாம், ரெண்டு மூணு பேர வச்சு எழுத வைங்க, மொத நாள்ல இருந்து அனலிடிக்ஸ் போடுங்க, கூகுள் மட்டும் இல்லாம மெயில் லிஸ்ட், பின்ட்ரஸ்ட்னு வேற வழியிலயும் ஆளு வரணும்.

தமிழ்ல ஆட்சென்ஸ் வந்ததே 2018லதான், அதே ஆயிரம் பேரு வந்தாலும் இங்கிலீஷுக்கு, அதுவும் அமெரிக்கா லண்டன் ஆளுங்க வந்தா, கெடைக்கிறது பல மடங்கு. கானாடுகாத்தான் வீடுங்க, ஆத்தங்குடி கல்லு, எங்க தங்கலாம் எங்க சாப்பிடலாம்னு இங்கிலீஷ்ல எழுதுனா வெளிநாட்டுக்காரன் படிப்பான், ரூம் புக்கிங் கமிஷனும் உண்டு. செட்டிநாட்டு ஊருங்க 2014ல யுனெஸ்கோவோட உத்தேச பட்டியல்ல ஏறுச்சு, அதுக்கப்புறம் தேடி வர்ற ஆளு இருக்கான். மொத வருஷம் டீக்காசு கூட வராது, அத இப்பவே சொல்லிடுறேன்.

வீட்டு சமையல எழுதி பெரிய வெலைக்கு போனதுக்கும் உதாரணம் இருக்கு. எலிஸ் பாயர்னு ஒரு அம்மா 2003ல அப்பா அம்மா வீட்ல இருந்தப்ப வீட்டு சமையல எழுதி வைக்க ஆரம்பிச்சது சிம்ப்ளி ரெசிபீஸ், கை மாறி 2020ல டாட்டாஷ் கம்பெனிகிட்ட போச்சு. ஆனா அந்தம்மா அத எத்தன வருஷம் வளத்தாங்கன்னு பாருங்க. ஆறு மாசத்துல வளத்து விக்கலாம்னு கோர்ஸ் விக்கிறவங்கள நம்பாதீங்க, அவங்க சம்பாதிக்கிறது கோர்ஸ்ல.

பலகாரப்பெட்டி:
பத்திரம் போட ஒத்துக்கிட்டார். 2,00,000ல நிக்கிறோம், பலகாரம் என்னோடதுதான்னு தனி வரி. பிளாக்ஸ்பாட்ல எப்படி மாத்திக் குடுக்குறது? டொமைன மொதல்ல குடுக்கவா, காச மொதல்ல வாங்கவா?

தேவகோட்டை ரஸ்தா:
பத்திரத்துல கையெழுத்து, பாதிக் காசு பேங்க்ல வரட்டும், அப்புறம் பிளாக், மீதி வந்தப்புறம் டொமைன். டொமைன்தான் சாவி, அத கடைசியா விடுங்க. நம்பிக்கை இல்லைன்னா எஸ்க்ரோல போடச் சொல்லுங்க, நடுவுல ஒருத்தர் காச புடிச்சு வச்சிருப்பார், சார்ஜ் யாருதுன்னு முன்னாடியே பேசிருங்க.

பிளாக்ஸ்பாட்ல செட்டிங்ஸ் போயி அவரோட மெயில ஆத்தரா கூப்பிடணும், அவர் ஏத்துக்கிட்டதும் அட்மின் ஆக்கணும், எல்லாம் முடிஞ்சப்புறம் நீங்க வெளிய வரணும். அதுக்கு முன்னாடி உங்க ஆட்சென்ஸ் விளம்பரத்த எடுத்துருங்க, மொத்த பிளாக்கையும் ஒரு பேக்கப் எடுத்து வச்சுக்கங்க. டொமைனுக்கு, அத விக்கிற கம்பெனில ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல அக்கவுண்ட் இருந்தா உள்ளுக்குள்ளயே தள்ளிடலாம், வேற கம்பெனின்னா டொமைன் லாக்க எடுத்துட்டு மாத்துறதுக்கான ரகசிய கோடு நம்பர அவருக்கு குடுக்கணும், சமீபத்துல கம்பெனி மாத்தியிருந்தா 60 நாள் காத்திருக்கணும்.

ஒண்ணு மறந்துறாதீங்க, நீங்க ஏத்துன படமெல்லாம் உங்க கூகுள் அக்கவுண்ட்லதான் கெடக்கும். வித்தாச்சேன்னு அந்த பழைய ஜிமெயில அழிச்சீங்கன்னா பிளாக்ல இருக்க படம் பூரா போயிரும், மறுநாளே கோயம்புத்தூர்ல இருந்து போன் வரும். படத்தையெல்லாம் அவர் தன் பக்கம் ஏத்திக்கிற வரைக்கும் எத்தன மாசம்னு பத்திரத்துல ஒரு வரி போட்டுக்கங்க.