அயனித்தட அரிப்பு: அயனியின் வேலை வேறு, காரத்தின் வேலை வேறு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> பலபடிப் (பாலிமர்) படலத்தில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி நானோ அளவில் துளை போடுவதற்கு ‘அயனிச் செதுக்கல்’ என்றே வைத்துவிடலாமே. எளிதாக இருக்கிறது.

எளிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. படலத்துக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். சொல்லை அப்புறம் தேடலாம்.

எடுத்துக்கொள்ளும் படலம் பெரும்பாலும் பாலிகார்பனேட், இல்லையென்றால் தண்ணீர் பாட்டில் செய்கிற பெட். தடிமன் 10 முதல் 30 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இதன்மேல் செனான், தங்கம், யுரேனியம் போன்ற கன அயனிகளைத் துகள் முடுக்கியிலிருந்து பாய்ச்சுகிறார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உள்ள ஜிஎஸ்ஐ ஆய்வகத்தில் நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒன்றுக்கு 11.4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு இந்த அயனிகள் வருகின்றன. அந்த வேகத்தில் வரும் அயனி படலத்துக்குள் தங்குவதில்லை, மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. போகிற வழியில் எலக்ட்ரான்களுக்கு ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே போகிறது. அந்த வழியில் சில நானோமீட்டர் அகலத்துக்குப் பலபடிச் சங்கிலிகள் அறுபடுகின்றன. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் கிளம்பிப் போகின்றன. இந்தக் கட்டத்தில் படலத்தில் துளை ஏதும் இல்லை. நொந்துபோன ஒரு தடம் மட்டும் உள்ளே கிடக்கிறது.

துளை வருவது அதற்குப் பிறகு. படலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் சூடான கரைசலில் போட்டால், தடத்தில் உள்ள பொருள் சட்டென்று கரைகிறது. சுற்றியுள்ள பொருள் மெதுவாகத்தான் கரைகிறது. இந்த வேக வேறுபாடுதான் துளையாகத் திறக்கிறது. ஒரு பக்கம் மட்டும் காரம் படும்படி வைத்தால் கூம்பு வடிவத் துளை கிடைக்கும். எத்தனை துளைகள் என்பதை விழுந்த அயனிகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. துளை எவ்வளவு பெரியது என்பதைக் காரத்தின் செறிவும் சூடும் நேரமும் தீர்மானிக்கின்றன. இப்படி இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடிவதுதான் இந்த முறையின் பலம். டார்ம்ஸ்டாட்டில் ஒரே ஓர் அயனியை விட்டு, படலத்தில் ஒரே ஒரு துளையை உண்டாக்கவும் முடிகிறது.

ஆக, அயனி செதுக்குவதில்லை. அயனி தடம் போடுகிறது, காரம் அரிக்கிறது. இரண்டு வேலையையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிக்கிற மாணவருக்கு முடுக்கி எதற்கு, கரைசல் எதற்கு என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது. அதோடு, நிஜமாகவே செதுக்குகிற அயனிக் கற்றை ஒன்று உண்டு. குவித்த கேலியம் கற்றை பரப்பின் அணுக்களைத் தட்டித் தட்டி வெளியேற்றுகிறது. ‘செதுக்கல்’ அதற்கு அச்சாகப் பொருந்தும். அந்தச் சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன சொல்வோம்? ‘அயனிப் பதிப்பு’ என்ற இன்னொரு பரிந்துரையும் இதே மாதிரிதான். அயனி உள்ளேயே தங்கிவிடும் முறைக்கு அது நல்ல சொல். இங்கே அயனி தங்குவதே இல்லை.

‘தடம்’ என்பதை விடக்கூடாது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. இந்தத் துறையே தடங்களைப் பார்த்ததில்தான் தொடங்கியது. 1958இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் யங் என்ற ஆய்வாளர் லித்தியம் ஃபுளூரைடு படிகத்தில் அணுக்கருப் பிளவுத் துண்டுகளின் தடங்களை அரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டே அதே ஊரில் சில்க், பார்ன்ஸ் இருவரும் அப்பிரகத்தில் (மைக்கா) தடங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ஃபிளைஷர், பிரைஸ், வாக்கர் மூவரும் இதைப் பிளாஸ்டிக்குக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ஆய்வுக்கூடங்களில் கிடைக்கும் துல்லியமான வடிகட்டிகள் அந்த வழியில் வந்தவை. கனிமங்களின் வயதைக் கணிக்கும் பிளவுத்தட முறையும், வீட்டுக்குள் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளக்கும் பிளாஸ்டிக் துண்டும் இந்தக் குடும்பம்தான். தடம் என்று வைத்தால் எல்லாம் ஒரே வேரில் நிற்கும்.

> அரிப்பு என்றால் தோல் அரிப்புதானே ஞாபகம் வரும்?

மண் அரிப்பு, கடல் அரிப்பு என்று செய்தித்தாளில் நாள்தோறும் படிக்கிறோம். யாருக்கும் தோல் நினைவு வருவதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைத் தெளிவாக்கிவிடும். உலோகம் துருப்பிடித்து வீணாவதற்கு ‘அரிமானம்’ என்று பாடநூல்கள் ஏற்கெனவே பிரித்துவைத்திருப்பதால் அந்தப் பக்கமும் குழப்பம் இல்லை.

எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது வேறொன்று. கறையான் அரிப்பதும் அரித்தல்தான், அரிசியில் கல் அரிப்பதும் அரித்தல்தான். யாழ்ப்பாணத்தில் மாவை அரிதட்டில் அரிப்பார்கள். துளைகள் போட்ட நம் படலம், அதாவது சவ்வு, காரத்தால் அரிக்கப்பட்டு உருவாகிறது. உருவான பிறகு நீரிலிருந்து நுண்ணுயிரியை அரித்து எடுக்கிறது. பிறப்பும் பயனும் ஒரே வினையில் அடங்குகின்றன. அதனால் செயல்முறைக்கு ‘அயனித்தட அரிப்பு’ என்றும், கிடைக்கும் பொருளுக்கு வினைத்தொகையாக ‘அரிசவ்வு’ என்றும் முன்மொழிகிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். காரத்தில் போடுவதற்கு முன் கிடக்கும் தடத்துக்கு ‘உள்ளுறை தடம்’ போதும். உள்ளுறை வெப்பம் நமக்குப் பழகிய சொல்தானே.

துளையே போடாமல் படலத்தின் தன்மையை மட்டும் மாற்றும் வேலைக்கு ‘அயனிவழிச் சிதைவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சரிவராது. பாலிஸ்டைரீனில் அயனி பட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து படலம் கரையாததாகிறது. பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் குறைந்த அளவில் அறுபட்டு எளிதில் கரைகிறது. அளவு மிகுந்தால் அதுவே பிணைந்து, கரியாகி, கரைய மறுக்கிறது. ‘அயனிவழி மாற்றம்’ என்று பொதுவாக வைத்துக்கொண்டு, உள்ளே ‘சங்கிலி முறிவு’, ‘குறுக்குப் பிணைப்பு’ என்று பிரிப்பதே நேர்மையானது.

அந்த ‘அளவு’க்குத்தான் இன்னும் சொல் இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுந்த அயனிகளின் மொத்த எண்ணிக்கை அது. 10 கோடி விழுந்தால் ஒவ்வொரு தடத்துக்கும் சராசரியாக ஒரு சதுர மைக்ரோமீட்டர் இடம் கிடைக்கும். ஒரு லட்சம் கோடி விழுந்தால் 10க்கு 10 நானோமீட்டர்தான். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கிவிடும். இவ்வளவு முக்கியமான அளவை ‘ஃபுளூயன்ஸ்’ என்று எழுத்துப்பெயர்த்து விட்டுவிட வேண்டாம். படுகதிர், படுகோணம் என்று படித்தவர்கள் நாம். ‘படுதொகை’ எப்படி இருக்கிறது?

இலங்கை நண்பர்கள் பலபடியைப் பல்பகுதியம் என்றும் அயனியை அயன் என்றும் எழுதுகிறீர்கள். ‘அயன்தட அரிப்பு’ என்று சொன்னால் உங்கள் காதுக்கு இசைகிறதா, அல்லது வேறு மாதிரி அமைக்க வேண்டுமா? உங்கள் மறுமொழி வந்த பிறகு பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்.