‘பிளாங்க்’குக்குத் தமிழ்: விடுவதா, போடுவதா?

கோவையிலிருந்து:

வணக்கங்க. மருத்துவர் பேசிப் பதிந்ததைக் கேட்டு அறிக்கையாக அடிக்கும் வேலைக்குத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு தயாராகிறது. அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும், பாடம் மட்டும் தமிழில். டிக்டேஷன், பெடல், ஹெட்போன் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. இடிக்கிறது ஒரே சொல்தான்: ‘பிளாங்க்’. எத்தனை தடவை கேட்டும் பிடிபடாத சொல்லின் இடத்தில் கோடு போட்டு, நேரத்தைக் குறித்து மேலே அனுப்புகிறோமே, அது.

வரைவில் ‘காலியிடம்’ என்று இருக்கிறது. படித்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பலகைதான் ஞாபகம் வருகிறது. ‘கோடிட்ட இடம்’ என்று மாற்றிப் பார்த்தோம். அது இன்னும் ஆபத்து. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று பள்ளிக்கூடத்தில் பழகிய பிள்ளைகளுக்குக் கோட்டைக் கண்டதும் கை ஊறும். நிரப்பக் கூடாது என்பதற்காகத்தானே இங்கே கோடு. வேறு சொல் இருந்தால் சொல்லுங்க.

ஈரோட்டிலிருந்து:

‘கேளாச்சொல்’ என்று வைக்கலாம். ‘கேளா இடம்’ என்றும் யோசித்தேன். சேர்த்து எழுதினால் ‘கேளாவிடம்’ என்றாகி உள்ளே விடம் புகுந்துகொள்கிறது. மருந்துப் பட்டியலுக்கு நடுவில் அது வேண்டாமுங்க.

பொள்ளாச்சியிலிருந்து:

ஈரோட்டு அண்ணா சொன்னது பாதிக்குத்தான் பொருந்தும். காதில் விழாததால் விடுகிற இடம் குறைவு. இருமல், கதவுச் சத்தம், மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியது, அவ்வளவுதான். நன்றாகக் காதில் விழுந்தும் எது என்று தீராத இடம்தான் அதிகம். சிறுகுடலின் கடைப்பகுதியும் இடுப்பெலும்பும் ஆங்கிலத்தில் இரண்டுமே ‘இலியம்’. நடுவில் ஓர் எழுத்துதான் வேறு: குடலுக்கு ‘இ’ (e), எலும்புக்கு ‘ஐ’ (i). ஆயிரம் தடவை ஓட்டினாலும் காது அதைச் சொல்லாது, முன்வாக்கியம்தான் சொல்லும். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்க முடியாமை, டிஸ்ஃபேஷியா என்றால் பேச்சுக் குறைபாடு. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே இருக்கலாம் என்பதால் அங்கே முன்வாக்கியமும் கைவிட்டுவிடும்.

மருந்துப் பெயரில் இது இன்னும் கடுமை. செலிபிரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்சா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்குப் போடும் ஊசி. வேகமாகப் பேசுகிறவர் வாயில் மூன்றும் ஒன்றுதான். அளவு கொஞ்சம் கைகொடுக்கும். 200 மில்லிகிராம் கேப்சூல் என்றால் செலிபிரெக்ஸ் பக்கம், 20 மில்லிகிராம் மாத்திரை என்றால் செலெக்சா பக்கம். ஆனால் ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. இரண்டுமே 10, 25, 50 என்று வருகிறது. அங்கே அளவைப் பார்த்து முடிவெடுத்தால் தொலைந்தோம். நோயாளிக்கு அரிப்பா, அழுத்தமா என்று அறிக்கையில் வேறெங்காவது இருந்தால் அடிக்கலாம், இல்லாவிட்டால் கோடுதான். மருந்துக் கம்பெனிகளே இதற்குப் பெயரை மாற்றியிருக்கின்றன. லாசிக்ஸோடு குழம்புகிறது என்று அமெரிக்காவில் லோசெக்கை 1990இல் பிரைலோசெக் ஆக்கினார்கள். பிரிலின்டாவோடு குழம்பிய பிரின்டெலிக்ஸ் அங்கேயே 2016இல் டிரின்டெலிக்ஸ் ஆனது.

கோடு போடும் முன் செய்ய வேண்டியதைக் கையேட்டில் அழுத்தமாக எழுதுங்க. பிடிபடாத சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது. நாலாவது தடவைக்கு மேல் காது தானாகவே ஒரு சொல்லைச் செய்துகொள்ளும், பிறகு அதை மறக்கவும் முடியாது. பத்து நொடி முன்னால் போய், வாக்கியத்தின் ஓட்டத்தோடு கேட்க வேண்டும். வேகத்தை 75 சதவீதம் அளவுக்குக் குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் மெய்யெழுத்துகள் இழுபட்டு இன்னும் குழம்பும். அப்படியும் வரவில்லையா, விட்டுவிட்டுக் கடைசி வரை அடித்துப் போங்க. முதலில் விழுங்கின பெயரை முடிவுரையிலோ சிகிச்சைத் திட்டத்திலோ மருத்துவர் பலசமயம் தெளிவாகவே சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் அகராதி. ‘ஸை’ என்று கேட்டால் எஸ் வரிசையில் மட்டும் தேடாமல் சி, பி-எஸ், எஸ்-சி வரிசைகளிலும் தேடணும். ‘நியூ’வுக்கு பி-என், ‘ஸிஃபாய்டு’க்கு எக்ஸ். சொல்லின் பின்னொட்டைப் பிரித்துப் பார்ப்பதும் உதவும்: ‘எக்டமி’ என்றால் அகற்றுதல், ‘ஆஸ்டமி’ என்றால் வாய்போலத் திறப்பு வைத்தல், ‘ஆட்டமி’ என்றால் வெட்டித் திறத்தல். ஆனால் குழப்பம் அந்த ஒட்டிலேயே இருந்தால் அதை ஊகிக்க யாருக்கும் உரிமை இல்லை. உறுப்பு உள்ளே இருக்கிறதா வெளியே எடுத்தாயிற்றா என்கிற விஷயம் அது.

திருப்பூரிலிருந்து:

எங்க ஊர் செக்கிங் மேஜையை நினைத்துப் பாருங்க. பனியனில் ஓட்டை கண்டால் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவார்கள். செக்கிங் பொண்ணு ஊசி எடுத்துத் தைக்கிறதில்லை. ஸ்டிக்கர் இருந்தால் பார்த்தாயிற்று என்று பொருள், அவள் வேலையில் குறை என்று பொருளில்லை. ‘காலியிடம்’, ‘விடுபட்டது’ எல்லாம் தட்டச்சரை மாட்டிவிடுகிற சொற்கள். விடுபட்டது என்றால் கவனமில்லாமல் விழுந்துபோனது. நாம் தெரிந்தே செய்வது. ‘குறி’ என்று முடியும்படி ஒரு சொல் பாருங்க.

கோபியிலிருந்து:

திருப்பூர் அம்மணி சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ‘ஐயக்குறி’ என்று வைக்கலாம்.

‘ஐயந்திரிபற’ என்று சொல்கிறோமே, அதில் ஐயம் வேறு, திரிபு வேறு. கயிறோ பாம்போ என்று நிற்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே கொள்வது திரிபு. ஹைட்ராலசினா ஹைட்ராக்சிசினா என்று நின்றால் ஐயம், ஏதோ ஒன்றை அடித்து அனுப்பினால் திரிபு. ஐயத்தைத் தீர்க்க மேலே ஆள் இருக்கிறார், திரிபு இருப்பதே அவருக்குத் தெரியாது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களிடமும் இந்த ஒழுக்கம் உண்டு. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அடுத்ததை 267 என்று இழுத்து ஒட்டிவிடாமல் அந்த எண்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். சிதைந்த அடிகளுக்குப் புள்ளி வைத்தார்கள், தாமே கவி பாடி நிரப்பவில்லை.

ஈரோட்டிலிருந்து:

ஐயம் என்றால் பிச்சை என்றும் பொருளுண்டே ஐயா. ‘ஐயமிட்டு உண்’ படித்த பிள்ளைகள்தானே வரும்? அப்புறம், கொங்கு நாட்டில் யாருங்க ஐயம் என்கிறார்கள்? சந்தேகம், இல்லாவிட்டால் டவுட்டு. ‘சந்தேகக்குறி’ என்றே வைத்தால் என்ன?

கோபியிலிருந்து:

தம்பி, ‘சந்தேகக்குறி’ என்றால் யார்மேல் சந்தேகம் என்று கேட்பார்கள், போலீஸ் வாடை அடிக்கிறது. பிச்சைப் பொருள் ‘குறி’ சேர்ந்ததும் நின்றுவிடும். வாயில் போட்டுத்தான் பாருங்களேன். இப்போது ‘பிளாங்க் விட்டுட்டேங்’ என்கிறார்கள். இனி ‘ஐயக்குறி போட்டுட்டேங்’. விடுவது போய்ப் போடுவது வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

பொள்ளாச்சியிலிருந்து:

எனக்கும் சரிங்க. கூடவே ‘முரண்குறி’யும் வேண்டும். மேலே வலது முழங்கால் என்று சொன்ன மருத்துவர் கீழே இடது என்கிறார். கேட்டதில் ஐயமே இல்லை, சொன்னது மோதுகிறது. இங்கே கோடு போடக் கூடாது. இரண்டு இடத்திலும் சொன்னபடியே அடித்து, குறிப்பில் மட்டும் சுட்ட வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அனுப்பினால் மேலே இருப்பவர் ஆடியோவைத் தேவையில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. காதில் விழுந்தபடி எழுதுகிற ஒலிக்குறிப்பைத் தமிழ் எழுத்தில் எழுத விடாதீர்கள். நம் ‘ப’வைப் பார்த்தால் கேட்டது p-யா b-யா என்று தெரியாது, ‘ட’வும் அப்படியே, t-யா d-யா என்று தெரியாது. காது பிரித்துத் தந்ததைக் கை மறுபடி கலக்கிவிடும்.

கோவையிலிருந்து:

சரிங்க, இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். கணினியே கேட்டு அடித்துக் கொடுக்கும் வரைவுகளைத் திருத்துகிறவர்களுக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். புரியாத இடத்திலும் அது பெரும்பாலும் இலக்கணம் பிசகாத ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுவிடும். வரைவைப் படித்துக்கொண்டே கேட்டால் காதும் அதற்குத் தலையாட்டும். பதிவு இப்படி:

ஐயக்குறி: கேட்டும் உறுதியாகாத சொல்லின் இடத்தில் இடும் அடையாளம். சொல் சின்னதோ பெரியதோ, எப்போதும் ஐந்து அடிக்கோடு; நீளம் மாறினால் தேடும்போது சிக்காது. அறிக்கைக்குள் ஊகச் சொல்லோ கேள்விக்குறியோ வரக் கூடாது. நேரம், ஒலிக்குறிப்பு, ஐயப்படும் சொற்கள் மூன்றும் தனிக் குறிப்பில். மாதிரி: “02:14, ‘hydr…zine’ 25 மி.கி., hydralazine அல்லது hydroxyzine, எதற்கென்று அறிக்கையில் இல்லை.” ஒலிக்குறிப்பும் மருந்துப் பெயரும் ஆங்கில எழுத்தில். கணினி வரைவில் ஐயம் வந்தால், அது போட்ட சொல்லை அழித்துவிட்டுக் குறியிடுக.

முரண்குறி: ஒரே அறிக்கையில் மருத்துவர் சொன்ன இரண்டு செய்திகள் மோதும்போது தனிக் குறிப்பில் இடுவது. அறிக்கையில் கை வைக்கக் கூடாது.